ஹோமத்தில் போன ஆப்பிள் மரம்

தம்பி,

இதைப் படிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடு. கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவன் நீ. தாய்லாந்து மலையில் போய் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் குணம் மாறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் குரல் கொஞ்சம் கம்மினாலே "சரி விடும்மா, சரி விடு" என்று நீ என்னை விட்டுவிடுவாய். இந்த விஷயத்தில் என்னை அவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது. பர்மியத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாய் என்பதால் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி மெதுவாகவே படி, ஒன்றும் அவசரமில்லை.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைக் கடையில் வைத்துப் படித்தேன். "கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்மா. ஒரு கட்டுக் குச்சியைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவளை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்று எழுதியிருந்தாய். அப்போது கையில் ஒரு சீன ஆப்பிளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்த பிறகும் அதே பழத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, வாங்க வந்த அம்மாள் "அது போதும், சுத்தமாயிடுச்சு" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நியாங் மேல் நீ வைத்திருக்கும் குறை பொய், தம்பி. அந்த ஆப்பிள் மரக் குச்சிகளை அவள் காயவிடவும் இல்லை, குப்பையில் எறியவும் இல்லை. நான்தான் எரித்தேன். நம் வீட்டு ஹாலில், உன் பேருக்குச் செய்த ஹோமத்தில், நெய்யில் தோய்த்துத் தோய்த்து என் கையாலேயே போட்டேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும், மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. தன்லியினில் இருக்கும் நர்சரியில் நீ வேலை பார்த்தபோது அங்கே நாற்று வாங்க வந்த பெண் என்று சொல்லி நியாங்கை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். சின் மலைப் பெண், கிறிஸ்தவள், தாகேதாவில் சித்தி வீட்டில் தங்கித் தையல் வேலை செய்கிறாள் என்றாய். நானோ உனக்கென்று தன்லியினிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து மனதில் முடிந்து வைத்திருந்தேன். நம் ஆட்கள், கோயிலுக்கு வந்து போகிற குடும்பம். அதனால் நியாங் படியேறி வரும்போதே என் முகம் சுருங்கிவிட்டது. அவள் கையில் ஒரு துணிப்பை, உள்ளே அவள் அப்பா அனுப்பிய ஆப்பிள். பச்சையும் பழுப்புமாக, சின்னச் சின்னதாக, சப்போட்டாத் தோல் போலச் சொரசொரவென்று இருந்தது. லத்தாக் கடைத்தெருவில் ஆப்பிள் விற்றுப் பிழைக்கிற எனக்கே ஆப்பிள் கொண்டுவருகிறாளே என்று எரிச்சலாக இருந்தது. அவளுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் "இதை மாடு கூட மோந்து பாக்காது" என்று உன்னிடம் சொன்னேன். நீ திரும்பி அவளிடம் பர்மியத்தில், "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்" என்றாய். அவள் சிரித்தாள்.

நீங்கள் இருவரும் போன பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தேன். முதல் கடியில் புளிப்பு. மென்று முடிக்கும்போது ஒரு இனிப்பு வந்து தொண்டையிலேயே தங்கியது. இத்தனை வருஷம் விற்ற எந்த ஆப்பிளிலும் நான் அந்த ருசியைப் பார்த்ததில்லை. பழமெல்லாம் எங்கே என்று நீ பிறகு கேட்டபோது சைக்கார் ரிக்‌ஷாக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் நானேதான் தின்றேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வாசலைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும் என்று பயந்தேன். பிறகு உன் பிடிவாதத்துக்காகக் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன், மனதால் இல்லை.

அந்தப் பழத்தின் கதையை நீ சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஆப்பிளின் பூர்வீகம் கசாக்ஸ்தான் பக்கத்து மலைக்காடு என்பாய். கரடியும் குதிரையும் தின்று போட்ட கொட்டைகளோடு அது வியாபாரிகள் போன வழியெல்லாம் முளைத்து ஊர் ஊராகப் போனது என்பாய். நான் காது கொடுக்காமல் ரசம் ஊற்றுவேன். ஆனால் ஒன்று மட்டும் மனதில் பதிந்தது. "கொட்டையைப் போட்டா அதே ஆப்பிள் வராதும்மா. ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது ஆளு. அதே பழம் வேணும்னா அதே மரத்துக் குச்சியை வெட்டி வேற வேர்ல ஒட்டணும்" என்றாய். அப்படியானால் ஒரே பேருள்ள ஆப்பிள் மரம் எங்கே நின்றாலும் அது முதலில் நின்ற மரத்தின் துண்டுதான், யாரோ ஒருவர் வெட்டி ஒட்டிக்கொண்டே வருவதால்தான் நிற்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மரத்துக்குக் கூட ஆள் வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை.

நியாங்கின் ஊருக்கு அந்த மரம் வந்த கதையும் நீ சொன்னதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு பாதிரியாரின் மனைவி தன் ஊரிலிருந்து கப்பலேறும்போது குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகி, ஈரம் போகாமல் கொண்டுவந்தாராம். நியாங்கின் கொள்ளுத்தாத்தா அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர், ஒட்டுக் கட்டும் வேலையை அந்த அம்மாளிடம் கற்றுக்கொண்டாராம். பழத்தின் பேர் யாருக்கும் தெரியாது, அந்த ஊரில் அதைப் பாதிரியம்மா பழம் என்றே சொல்வார்கள். நீ அதைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பிக் கேட்டாய். இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று பதில் வந்ததே தவிர ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. அது பிறந்த நாட்டிலேயே அழிந்து போயிருக்கும் போல என்று சொல்லும்போது உன் கண் எப்படி விரிந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அந்த மரம் நின்றதாம். அது குறைந்து போனதில் எனக்கும் பங்கு உண்டு. நீ சின்னப் பையனாக இருந்தபோது மலை ஆப்பிள் மூங்கில் கூடையில் காய்ந்த புல் போட்டு லத்தாவுக்கு வரும். லாரி குலுக்கலில் அடிபட்டு வரும். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாரு வாங்குவா, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று நானே எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறேன். சீனாவிலிருந்து வருகிற ஆப்பிள் மெழுகு பூசி, ஸ்டிக்கர் ஒட்டி, வலை மாட்டி, கல்யாணப் பெண் மாதிரி வந்து இறங்கும். சாமிக்கு வைக்கிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள். விற்காத பழத்தை எத்தனை நாள் சுமப்பார்கள்? மலையில் மரங்களை வெட்டிவிட்டு வேறு எதையோ வைத்தார்கள். நியாங்கின் அப்பா மட்டும் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு மரத்தை வெட்டாமல் விட்டார். அந்தக் கூடைகளில் பாதிரியம்மா பழம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும் என்றே என் மனது சொல்கிறது.

போன குளிர்காலத்தில் அந்த ஊரைச் சுற்றிச் சண்டை முற்றி நிலைமை மோசமானதும், அவர் மரத்தில் குச்சி வெட்டி யார் யார் கையிலோ கொடுத்து நியாங்கிடம் சேர்ப்பித்தார். நீ அப்போது கலோ மலைப் பக்கம் உன் நண்பன் தோட்டத்தில் அவற்றை ஒட்டுவதற்கு வேர்ச்செடி தயார் செய்துகொண்டிருந்தாய். தாகேதாவில் கரண்ட் ஒழுங்காக வருவதில்லை, நம் வீட்டில் நீ பேட்டரி வைத்திருக்கிறாய். அதனால் நம் ஃப்ரிஜ்ஜில் வைக்கச் சொல்லி அவளை அனுப்பினாய். இதை என்னிடம் நீ சொல்லவில்லை என்று உன்மேல் பழி போட மாட்டேன். அவள் சொல்லவே வந்தாள். மாடிப்படியில் அவள் குரல் கேட்டதும் நான் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணியை ஆட்டினேன். அந்த நேரத்தில் பூஜையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளோடு உட்கார்ந்து பேச வேண்டாமே என்றுதான். அவள் வெளியே வெகுநேரம் காத்திருந்தாள். நான் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஃப்ரிஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, பிறகு அவள் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க நம் வார்டில் இளவட்டப் பையன்களின் பேரைக் குலுக்கிப் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோயில் பண்டாரத்திடம் போய் நின்றேன். வீட்டிலேயே ஒரு நவக்கிரக ஹோமம் செய்துவிடலாம், ஆனால் தீயில் போடும் சமித்துக்கு என்ன செய்வது என்று அவர் கையை விரித்தார். இந்தியாவிலிருந்து வரும் ஹோமக் குச்சிக் கட்டுகள் அப்போது வரவில்லை. அவரவர் அரசங்குச்சி, அத்திக்குச்சி என்று கிடைத்ததைத் தேடி வைக்க வேண்டியதுதான் என்றார். "மரத்தோடயே கிடக்கிறவன், எனக்கு நாலு கட்டுக் குச்சி அனுப்ப மாட்டியாடா?" என்று உன்னிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பாக்குறேம்மா, பாக்குறேம்மா" என்றாய். உன் 'பாக்குறேம்மா' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை நம்பினேன்.

ஹோமத்தன்று காலையில் நெய் எடுக்க ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். கீழே காய்கறித் தட்டில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால் உள்ளே ஈரப்பாசி, அதற்குள் பென்சில் பருமனில், ஒரே அளவாக வெட்டிய குச்சிகள், நுனியில் மெழுகு வைத்து நூலால் கட்டியிருந்தன. அவள் ஃப்ரிஜ்ஜைத் திறந்து மூடியது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. என் பிள்ளை சமித்து தேடிப் பிடித்து, காயாமல் பாசி வைத்து, சிவப்புத் துணியில் சுற்றி இவள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அவள் இனத்துக்காரர்கள் நெய்கிற துணி அது என்று கூடத் தோன்றவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு. ஆப்பிள் விற்றே தலை நரைத்தவள் நான், ஆனால் ஆப்பிள் மரத்தை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அதன் குச்சி எப்படியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பண்டாரம் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது என்ன மரம்மா? அத்தி மாதிரி இல்லையே?" என்றார். "எம்மவன் மரஞ்செடிக்குன்னு படிச்சவன், சாமி. அவன் அனுப்பினது தப்பா இருக்குமா?" என்றேன். "சரி, உங்க மனசு திருப்தியா இருந்தா போதும்" என்று நெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். உன் பேரும் நட்சத்திரமும் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். பச்சைக் குச்சி சுலபத்தில் பிடிக்கவில்லை. நுனியில் நுரை தள்ளியது, சீறியது, ஹால் முழுக்கப் புகை. ஆனால் புகையில் ஒரு நல்ல வாசனை இருந்தது, பண்டாரமே மூக்கை இழுத்துவிட்டுத் தலையாட்டினார்.

நியாங் அப்போது வந்தாள். ஹோமத்தில் போய் நில் என்று நீ சொன்னதால் வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் தீயைப் பார்த்தாள், என் மடியில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். "அமே" என்று ஒரு அடி முன்னால் வைத்தாள். பர்மியத்தில் அம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கையை உயர்த்தி அவளை அங்கேயே நிறுத்தினேன். கிறிஸ்தவப் பெண், குளித்தாளோ இல்லையோ, ஹோமத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று. அவள் நின்றுவிட்டாள். குச்சிகள் அப்போது பாதிக்கு மேல் மீதி இருந்தன. நான் மறுபடி குனிந்து உன் பேரைச் சொல்லி அடுத்த குச்சியைப் போட்டேன். அவள் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், புகை என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து தீ அடங்கியதும் கொஞ்சம் சாம்பல் எடுத்துக்கொள்ளலாமா என்று பர்மியத்தில் கேட்டாள். காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் நான் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, "கிறிஸ்தவப் பொண்ணு, தானா கேட்டு விபூதி வாங்கிட்டுப் போனா" என்று!

அந்தக் குலுக்கலில் உன் பேர் வரவில்லை. நீ கலோவிலிருந்து வந்து இறங்கினாய், பையைக்கூட வைக்காமல் ஃப்ரிஜ்ஜைத் திறந்தாய், அவளைக் கூப்பிட்டு விட்டாய். அவள் ஹாலில் நின்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். தாகேதாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன், கரண்ட் இல்லாமல் காய்ந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றாள். நீ கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பெரியவர் ஊ லே என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார். "உங்கப்பாவோட மரம், உனக்கே அக்கறை இல்லையா?" என்று கேட்டாய். எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. பாசி, மெழுகு, சிவப்புத் துணி, புகையின் வாசனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அப்போதே ஹாலுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, தம்பி. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, கிண்டிக்கொண்டே நின்றேன். இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு அவள்மேல் வெறுப்பு வந்தால் தன்லியின் பெண் பேச்சை மறுபடி எடுக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் நினைத்தேன்.

என் பழியை வேறொருவர் சுமப்பது எனக்குப் புதிதும் இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் சீனப் புத்தாண்டு வியாபாரத்துக்கு இறக்கிய ஆப்பிளையெல்லாம் தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடி வெயிலில் விட்டுவிட்டேன். உள்ளே வெந்து அவ்வளவும் அழுகிப் போயிற்று. உன் பெரியப்பா வந்து குதித்தபோது உன் அப்பா, "நான்தான்ணே மூடினேன், கவனிக்கல" என்றார். தெருவே பார்க்க அவரைத் திட்டித் தீர்த்தார் பெரியப்பா. நான் பக்கத்தில் நின்று காகிதப் பை மடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி அழுதேன். "உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்ல, எனக்கு இருக்கு, விடு" என்றார். அவர் போய்ச் சேரும் வரை அதைச் சொல்லிக் காட்டவில்லை, நானும் பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. நல்லவர்கள் பக்கத்தில் இருந்தால் நமக்கு வாய் மூடிக்கொண்டு பிழைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. உனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். அதோடு, யாராவது உன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நான்தான் செய்தேன் என்று சொன்னால், உடனே கத்தாமல் கொஞ்சம் யோசி. அப்பா மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த மழைக்காலத்துக்கு முன்பே நியாங்கின் ஊர் தீயில் போனது. வீடும் போனது, பின்னால் நின்ற மரமும் போனது. அவள் அப்பா உடுத்திய துணியோடு தப்பித்து, மலையடிவாரத்துக் கலே ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பழம் உலகத்தில் எங்காவது இருக்க வேண்டுமென்றால் நம் ஃப்ரிஜ்ஜில் இருந்த குச்சிகளில்தான் இருந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தும் நீ தாய்லாந்துக்குப் புறப்படுகிற அன்று கூட நான் வாயைத் திறக்கவில்லை. நீ அவளிடம் சரியாக முகம் கொடுக்காமல் பஸ் ஏறினாய். அவள் பஸ் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

உன் செய்தி வந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தாகேதாவுக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடிவந்தாள், உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து. இல்லை, இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன். லபெயே டீ போட்டுக் கொடுத்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குச்சி பற்றி எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் மெஷினில் மாட்டியிருந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு, "அவர்கிட்ட சொல்லாதீங்க அமே" என்றாள், தமிழிலேயே. நமக்குத்தான் அவள் தமிழ் பேசுவாள் என்று தெரியாது, தையல் கொடுக்க வரும் நம் ஆட்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாளாம். மாடு மோந்து பார்க்காத பழம் என்று நான் சொன்னதும் அன்றைக்கே புரிந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அங்கேயே எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

"ஏம்மா மறைச்சே? அவன் உன்னைக் கட்டிக்கவே யோசிக்கிறான்" என்றேன். மற்றதைப் பர்மியத்தில் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன். "என்கிட்ட கோபப்பட்டா ஒரு நாள் ஆறிடும். அம்மாவே எரிச்சாங்கன்னு தெரிஞ்சா அவருக்கு உங்க முகத்தைப் பார்க்க முடியாது. அவருக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன். அன்றைக்கு வாசலில் நின்றாயே, பாதிக் கட்டு என் மடியில் இருந்ததே, நான் கையைக் காட்டினால் என்ன, ஓடிவந்து பிடுங்கியிருக்கலாமே என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள், இதைக் கூடவா கேட்பார்கள் என்பது போல.

"நீங்க ஒவ்வொரு குச்சிக்கும் அவர் பேரைச் சொல்லிப் போட்டீங்க. பாதியில எப்படி எடுக்கிறது? அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

கர்த்தரைக் கும்பிடுகிற பெண், தம்பி. நம் ஹோமத்தில் அவளுக்கு என்ன நம்பிக்கை இருக்க முடியும்? ஆனாலும் உன் பேர் சொல்லி எரிகிற தீயில் கைவைக்க அவளுக்கு மனது வரவில்லை. அந்தச் சாம்பலை அவள் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவரிடம் மட்டும் பொய் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். மூன்று தலைமுறை காத்த மரத்தைப் பற்றி அந்த மனிதர் ஒன்றுமே கேட்கவில்லையாம். "பையன் பேரு வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். வரவில்லை என்றிருக்கிறாள். "அப்ப சரி" என்றாராம்.

ஆனால் எனக்குச் சரியாகவில்லை. ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அது என்ன குச்சி என்று தெரிந்திருந்தால் போட்டிருப்பேனா என்று என்னையே கேட்டால், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் பேர் அந்தக் குலுக்கலில் வராமல் இருக்க எதை வேண்டுமானாலும் போட்டிருப்பேன். அதனால் மன்னிப்புக் கேட்பதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மரத்துக்காக நான் எவ்வளவு அழுதாலும் அதில் பாதி பொய். அவள் தலையைக் குனிந்து நின்றபோது நான் சாம்பாரைக் கிண்டியதற்காக அழுவதுதான் முழுசும் நிஜம். அவளிடம் கேட்டுவிட்டேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னிடம் கேட்கப் போவதில்லை. நீ என்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. சாப்பாட்டில் மட்டும் கோபத்தைக் காட்டாதே.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். நான் தெரியாமல் எரித்தேன். அவள் தெரிந்தே எரியவிட்டாள், தன் அப்பாவின் மரத்தை, நீ இருக்க வேண்டும் என்று. அதன் பிறகு நீ அவளைப் பொறுப்பில்லாதவள் என்று சொன்னதையும் வாங்கிக்கொண்டு நம் வீட்டுப் படியிறங்கிப் போனாள்.

இந்தத் தாள்களை இப்போதே படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சர்ச் முடிந்து வெளியே வந்ததும் போனைப் பார்ப்பாளாம், உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று. ஒவ்வொரு வாரமும் பார்க்கிறாளாம், அவள் சித்தி சொன்னாள். நாளைக்கு வந்திருக்கட்டும்.

அம்மா